இரட்டைக் குழல்: பால்கன் மேய்ப்பருடையதா, லண்டன்காரருடையதா?

ஒரே மூச்சில் இரண்டு குரல் ஊத வேண்டும் என்றால் ஐரோப்பாவில் எனக்குப் பிடித்தவை இரண்டு. செர்பியா, போஸ்னியா, குரோவேஷியா பக்கத்து மேய்ப்பர்கள் வாசித்த த்வோய்னிட்சே என்ற இரட்டைக் குழல் ஒன்று, 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் லண்டனில் வில்லியம் பெயின்பிரிட்ஜ் செய்து பரப்பிய இரட்டை ஃபிளாஜலெட் என்ற குழல் இன்னொன்று. இரண்டிலும் ரெக்கார்டர் என்ற ஐரோப்பியப் புல்லாங்குழல் மாதிரியான, விசில் போல ஊதும் ஊதுவாய்தான், அதனால் முதல் நாளே சத்தம் வந்துவிடும்.

லண்டன் கருவியில் இரண்டு தனிக் குழல்களை ஒரே தலையில் செருகியிருப்பார்கள். விரலால் அழுத்தும் சிறு நெம்பான ஒரு சாவியை அழுத்தினால் ஒரு குழலுக்குப் போகும் காற்று நின்றுவிடும், கொஞ்ச நேரம் தனிக்குரலில் வாசித்துவிட்டு அப்புறம் இரண்டையும் சேர்த்துக்கொள்ளலாம். வீட்டுக் கூடத்தில் இனிமையாக ஒரு மெட்டு வாசிக்க இது அருமை.

த்வோய்னிட்சேயில் இந்த வசதி எதுவும் இல்லை. ஒரே மரத்துண்டில் இரண்டு குழல்களைக் குடைந்து, பெரும்பாலும் ஒரு பக்கம் 4 துளை, மறுபக்கம் 3 துளை போட்டிருப்பார்கள், சுரங்களும் குறைவுதான். ஆனாலும் என் ஓட்டு இதற்குத்தான், ஏனென்றால் அடுத்தடுத்த இரண்டு சுரங்கள் ஒன்றோடொன்று உரசி அதிரும்போது, அந்த மலைநாட்டு மக்கள் இருவர் தோளோடு தோள் நின்று பாடும் பழைய பாட்டின் அதே உரசல் காதில் விழுகிறது, அதை மெருகேற்றிய ஃபிளாஜலெட்டில் நான் கேட்டதே இல்லை.