சொல்வேர் தேட நான் திறக்கும் மூன்று அகராதிகள்

தென்னாப்பிரிக்காவின் டர்பனில், சாட்ஸ்வர்த் பக்கம், சனிக்கிழமைதோறும் பிள்ளைகளுக்குத் தமிழ் சொல்லிக்கொடுக்கிறேன். அவர்களுக்கு வீட்டு மொழியே ஆங்கிலம். அதனால் அவர்கள் வாயில் புழங்கும் ஆங்கிலச் சொல் ஒன்றைப் பிடித்துக்கொண்டு தமிழுக்கு வருவதுதான் என் வழி. இதற்காகப் பல வருடங்களாக மூன்று அகராதிகளைப் பயன்படுத்துகிறேன். மூன்றும் இணையத்தில் இலவசம்.

முதலில் ஆங்கிலச் சொற்களின் வேரைச் சொல்லும் இணைய அகராதி, டக்ளஸ் ஹார்ப்பரின் எட்டிம்ஆன்லைன். ‘ஜிஞ்சர்’ என்று தட்டினால் பழைய ஆங்கிலம், லத்தீன், கிரேக்கம், பிராகிருதம் எனப் படிப்படியாகக் கீழே இறங்கும். சமஸ்கிருதத்தில் ‘சிருங்கவேரம்’, அதாவது கொம்பு போன்ற உடல் என்றொரு விளக்கம் உண்டு. அது பிற்காலத்தில் கற்பித்ததாக இருக்கலாம், மூலம் திராவிடமாக இருக்கலாம் என்றும் அதே பதிவு சொல்கிறது. அந்த நேர்மை எனக்குப் பிடிக்கும்.

அங்கிருந்து பரோவும் எமனோவும் தொகுத்த திராவிடச் சொற்பிறப்பியல் அகராதிக்குப் போவேன். 1961இல் வந்தது, இரண்டாம் பதிப்பு 1984. சிகாகோ பல்கலைக்கழகத் தளத்தில் கிடைக்கிறது. தமிழ் எழுத்து கிடையாது. எல்லாம் ரோமன் எழுத்தில், புள்ளியும் கோடுமாக இருக்கும். கைவர நாளாகும். மூல வடிவம் இதுதான் என்று கட்டிச் சொல்லாமல், உறவுச் சொற்களை மட்டும் வரிசையாக வைக்கும். மீதி வேலை நம்முடையது. இஞ்சியையும் வேரையும் பலகையில் பக்கத்தில் எழுதினால் பிள்ளைகளே சேர்த்துப் படித்துவிடுகிறார்கள்.

மூன்றாவதுதான் என் செல்லம்: 1996இல் ஆக்ஸ்போர்டு வெளியிட்ட தென்னாப்பிரிக்க ஆங்கில அகராதி. ஒவ்வொரு சொல்லுக்கும் ஆண்டு வாரியாக மேற்கோள்கள் தருகிறது. குளிர்காலத்தில் இங்கே தெருவெல்லாம் விற்கும் நார்ச்சி என்னும் சிறிய ஆரஞ்சு வகைப் பழத்தின் பெயர், ஆப்ரிகான்ஸ் மொழி வழியாக நம் நாரத்தையிலிருந்து வந்ததாம்! ‘ஆரஞ்சு’ வேறு பாதையில் வந்தது: சமஸ்கிருத ‘நாரங்க’, பாரசீகம், அரபு என்று போய், ஐரோப்பாவில் முதலில் இருந்த ‘ந்’ ஒலியை உதிர்த்துவிட்டது. ‘நாரங்க’வுக்கும் திராவிட மூலம் இருக்கலாம் என்பார்கள். 1860 நவம்பர் 16 அன்று டுரூரோ கப்பல் சென்னையிலிருந்து நம் முன்னோரை டர்பனில் இறக்குவதற்கு முன்பே நார்ச்சி கேப் பகுதியில் குடியேறிவிட்டது. இதைக் கேட்டதும் வகுப்பே நிமிர்ந்து உட்கார்ந்தது.

‘கூலி’ என்ற சொல்லைப் பெரிய பிள்ளைகள் கட்டாயம் கேட்பார்கள். இந்த நாட்டில் அது வசைச்சொல். குஜராத்தின் கோலி இனப்பெயரா, நம் கூலியா என்று அறிஞர்களிடையே முடிவில்லை. இரண்டையும் சொல்லுங்கள், தமிழ்தான் என்று அடித்துப் பேச வேண்டாம்.

சின்னவர்களுக்கு நார்ச்சியில் தொடங்குங்கள். திராவிட அகராதியைப் போனில் படிப்பது சிரமம், கணினியில் திறப்பது நல்லது.