பேரிடர் பயிற்சிக்குக் கணினி விளையாட்டா, மேசையில் விரித்த வரைபடமா?

பினாங்கில் வெள்ள நிவாரணத்தை ஒருங்கிணைப்பவர்களுக்கு எந்த விளையாட்டை வைத்துப் பயிற்சி கொடுக்கலாம் என்று எங்கள் தாமானில் (குடியிருப்புப் பகுதியில்) பேச்சு வந்தது. இரண்டையும் ஆடிப் பார்த்தவன் என்பதால் சொல்கிறேன்.

கணினியில் ஐ.நா. வெளியிட்ட ‘ஸ்டாப் டிசாஸ்டர்ஸ்’ இருக்கிறது, இலவசம். சுனாமி, வெள்ளம், நிலநடுக்கம், சூறாவளி, காட்டுத்தீ என 5 களங்கள். கையில் கொஞ்சம் பணம் தருவார்கள், கெடு முடிவதற்குள் வீடுகளையும் பள்ளியையும் பலப்படுத்த வேண்டும், அப்புறம் பேரிடர் வந்து எத்தனை பேர் பிழைத்தார்கள் என்று சொல்லிவிடும். பிள்ளைகளுக்கு அருமையானது. ஆனால் வெள்ளம் வந்ததும் ஆட்டம் முடிந்துவிடுகிறது, நமக்கோ அதற்குப் பிறகுதான் வேலையே.

மேசை ஆட்டத்தில் வரைபடம், சீட்டுகள், ஒரு நடத்துநர், அவ்வளவுதான். ஒருவர் பொம்பா (தீயணைப்புப் படை), ஒருவர் போலீஸ், ஒருவர் மாவட்ட அலுவலகம். நான் நிவாரண மையம். பத்து நிமிடத்துக்கு ஒரு சீட்டு வரும். எனக்கு வந்தது: ‘மையமாக இருக்கும் பள்ளியிலும் தண்ணீர் ஏறுகிறது.’ சரி, லாரி கேட்டேன். அதைப் பொம்பாக்காரர் முன்பே எடுத்துவிட்டார், வெள்ளைப்பலகையில் எழுதத்தான் இல்லை. அடுத்த பள்ளிக்குப் போகலாம் என்றால் சாவி யாரிடம்? மேசையில் இருந்த ஆறு பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டோம். கணினியில் இந்தச் சாவிப் பிரச்சினை வரவே வராது.

இன்னொரு சுற்றில் முதல் சீட்டு 2004 டிசம்பர் 26, மலேசிய நேரப்படி காலை 8:58, சுமத்ராவில் நிலநடுக்கம். அன்று சுனாமி அலை பினாங்கை எட்ட ஏறக்குறைய 4 மணி நேரம் ஆனது, இங்கே மட்டும் 52 பேர் இறந்தார்கள். நடத்துநர் அடுத்த சீட்டைத் தராமல் சும்மா உட்கார்ந்திருந்தார். இங்குள்ள ‘பத்து பெரிங்கி’ கடற்கரைக்கு யார் ஆள் அனுப்புவது என்று யாராவது கேட்கிறார்களா என்று பார்க்கத்தான்.

என் ஓட்டு மேசைக்குத்தான். ஆனால் அதிலும் தலைவலி உண்டு. நடத்துநர் சரியில்லை என்றால் வெறும் சொற்பொழிவாகிவிடும். தனியாக வீட்டில் பத்து முறை தோற்றுப் பழகக் கணினிதான் தோது, செய்த தப்பை யாரும் பார்க்க மாட்டார்கள். மேசையில் ஒரு டத்தோ (அரசு பட்டம் பெற்ற பெரிய மனிதர்) உட்கார்ந்தால் அவர் சொன்னதே முடிவு, மற்றவர்கள் தலையாட்டுவார்கள். அதனால் நடத்தப் போகிறவர்கள் அவருக்கு மாவட்ட அதிகாரி வேடத்தைக் கொடுக்காமல், தண்ணீரில் நின்றுகொண்டு போன் அடிக்கிற குடியிருப்பாளர் வேடத்தைக் கொடுத்துப் பாருங்கள்.