லெட் ஆசிடா, லித்தியமா? எண்ணூர் ரோட்டில் ஊர்கிற வண்டிக்கு எது தாங்கும்

எடை குறையும் என்பதற்காக மட்டும் பைக்குக்கு லித்தியம் பேட்டரி வாங்க நினைப்பவர்கள் பர்ஸை உள்ளே வைத்துவிடலாம். 9 ஏ.ஹெச். (ஆம்பியர் ஹவர், அதாவது கொள்ளளவு) லெட் ஆசிட் பேட்டரி ஏறக்குறைய 3 கிலோ. அதே இடத்தில் உட்காரும் லித்தியம் ஒரு கிலோகூட வராது. இருங்காட்டுக்கோட்டை ட்ராக்கில் ஓட்டுபவருக்கு அது பெரிய விஷயம்தான். நமக்கு? "ரெண்டு கிலோ கொறைக்கவா இவ்ளோ துட்டு? ரெண்டு இட்லி கம்மியா துன்னா போதும்ணா" என்றார் வியாசர்பாடி மெக்கானிக் ஒருவர்.

ஆனால் வடசென்னையில் லித்தியத்துக்கு வேறொரு நியாயம் இருக்கிறது. தண்டையார்பேட்டை தாண்டி எண்ணூர் வரை கன்டெய்னர் லாரிகளுக்கு நடுவே முதல் கியரில் ஊர்கிறோம். ஏப்ரல் 2017-க்குப் பிறகு வந்த வண்டிகளில் எஞ்சின் ஓடும்வரை ஹெட்லைட்டை அணைக்க முடியாது. ஐடிலிங்கில் சார்ஜும் குறைவு, நின்ற இடமெல்லாம் செல்ஃப் வேறு. பேட்டரி முழுசாக நிரம்பவே நிரம்பாது. அரைகுறை சார்ஜில் கிடந்தால் லெட் ஆசிட் தகடுகளில் சல்பேட் இறுகிப் படியும். ஒரு நாள் காலையில் 'டிக் டிக்' என்று ரிலே மட்டும் அடிக்கும். லித்தியத்துக்கு அரைச் சார்ஜில் இருப்பதால் கெடுதல் இல்லை. கடுங்குளிரில் அது சோம்பும், உண்மைதான். நம் மார்கழிக்கு அந்தக் கவலை வேண்டாம்.

காசிமேட்டில் 61 நாள் மீன்பிடித் தடைக்காலத்தில் வண்டியை நிறுத்திவிட்டு ஊருக்குப் போகிறவர்களுக்கும் இதே கதைதான். வெயிலில் சும்மா நின்றாலே லெட் ஆசிட் இறங்கும், லித்தியம் மெதுவாகத்தான் இறங்கும். ஜி.பி.எஸ். ட்ராக்கர் மாட்டியிருந்தால் கணக்கு தலைகீழ். '9 ஏ.ஹெச்.சுக்கு இணை' என்று விற்கும் லித்தியத்தின் நிஜக் கொள்ளளவு பெரும்பாலும் அதில் மூன்றில் ஒரு பங்குதான். லேபிளில் வாட் ஹவர் இருந்தால் 12.8-ஆல் வகுத்துப் பாருங்கள்: 36 என்றால் 2.8 ஏ.ஹெச். ஸ்டார்ட் பண்ண அது போதும், ட்ராக்கருக்கு வாரக்கணக்கில் தீனி போட முடியாது. ஒருமுறை அடியோடு இறங்கிவிட்டால் செல்லே போச்சு.

லெட் ஆசிட்டின் பலம் அதன் பொறுமை. சார்ஜ் வோல்டேஜைக் கட்டுப்படுத்தும் ரெகுலேட்டர் பழசாகி 15 வோல்ட்டைத் தாண்டித் தள்ளினாலும் அது சூடாகி, நீர் வற்றி, ஆயுள் குறைந்தாவது ஓட்டிக்கொண்டிருக்கும். பைக்குக்கு வரும் லித்தியம் ரகமான லித்தியம் அயர்ன் பாஸ்பேட்டுக்கு 14.6-தான் எல்லை. அதை மீறினால் உள்ளே இருக்கும் பி.எம்.எஸ். என்ற பாதுகாப்பு சர்க்யூட் தொடர்பைத் துண்டிக்கலாம். ஓடும்போது துண்டித்தால் எகிறும் வோல்டேஜ் நேரே எஞ்சினை நடத்தும் கம்ப்யூட்டரான இ.சி.யு. பக்கம் போகும். அதனால் காசு கொடுக்கும் முன் பேட்டரி டெர்மினலில் மல்டிமீட்டரை வைத்து, ஆக்ஸிலரேட்டரை 5000 ஆர்.பி.எம். வரை முறுக்குங்கள். 14.4-க்குள் நின்றால் சரி. மேலே ஏறினால் முதலில் ஆர்.ஆர். யூனிட்டை (ரெகுலேட்டர் ரெக்டிஃபையர்) மாற்றுங்கள்.

பழைய லேப்டாப் செல்களை ஒட்டி மலிவாக விற்கும் பேக்கைத் தொடவே கூடாது. லேப்டாப் செல் ரகத்தில் மூன்று செல் சேர்ந்தால் முழுச் சார்ஜே 12.6 வோல்ட். வண்டியோ 14-க்கு மேல் கொடுக்கும். சீட்டுக்கு அடியில் நெருப்பை வைத்துக்கொள்வதற்குச் சமம்.

விலையில் போட்டியே இல்லை. லித்தியம் மடங்குக் கணக்கில் கூடுதல். லெட் ஆசிட் என்றால் பழையதைக் கொடுத்து எக்ஸ்சேஞ்சில் கழித்துக்கொள்ளலாம், ஈயத்துக்கு எப்போதும் காசு உண்டு.

என் தீர்ப்பு: கிக்கர் இருக்கிற 100 சி.சி. வண்டிக்கு லெட் ஆசிட்டே போதும், யோசிக்கவே வேண்டாம். செல்ஃபை மட்டுமே நம்பும் 350 சி.சி.யில் தினமும் துறைமுகப் பக்கம் ஊர்பவர், மல்டிமீட்டர் சரி என்று சொன்னால் லித்தியம் போடலாம். போட்டபின் வீட்டிலுள்ள பழைய சார்ஜரை, முக்கியமாக டீசல்பேஷன் மோடு (லெட் ஆசிட்டில் படிந்த சல்பேட்டைக் கரைக்கும் வசதி) உள்ளதை, அதில் மாட்டாதீர்கள்.