சர்வரை ‘ஸ்பீடு’ பண்ணித் தருகிறேன் என்று வருபவரிடம் கவனம்

கோத்தகிரி, குன்னூர் பக்கம் ஃபேக்டரி, லாட்ஜ், பள்ளி என்று சொந்தமாக சர்வர் வைத்திருப்பவர்கள் இதைப் படித்துவிடுங்கள். கீழேயிருந்து ஒருவர் வந்து ‘நெட்வொர்க் ட்யூனிங்’ செய்து தருகிறேன் என்று ஆபீஸ் ஆபீஸாக ஏறி இறங்குகிறார். எங்களிடம் 18,000 ரூபாய் கறந்துவிட்டுப் போனார்.

எங்களுடையது விவசாயிகளிடம் பச்சை இலை வாங்கித் தேயிலை தயாரிக்கும் சின்ன பாட் லீஃப் ஃபேக்டரி. பச்சை இலை எடை, விவசாயிகளின் பட்டுவாடா, டேலி கணக்கு எல்லாமே ஒரே விண்டோஸ் சர்வரில்தான். கொஞ்சம் மந்தமாக இருந்தாலும் ஓடிக்கொண்டிருந்தது. அவர் உட்கார்ந்து எதையெதையோ மாற்றிவிட்டு, “இனி பறக்கும் சார்” என்றார். மறுநாள் டேலி திறப்பதற்குள் ஒரு டீ குடித்து முடித்துவிடலாம் என்கிற நிலைமை. இணைப்பு இருக்கிறதா என்று சின்னதாகத் தட்டிப் பார்க்கும் பிங் அடித்தால் பதில் ஒழுங்காக வருகிறது. பெரிய ஃபைலை காப்பி செய்தால்தான் படுத்துவிடுகிறது. போன் செய்து கேட்டதற்கு, “உங்க ஊர் பனிதான் சார், கேபிள்ல ஈரம் இறங்கியிருக்கும்” என்றார். கேபிள் மாற்ற தனியாக 4,500. அப்புறமும் அதே கதைதான். உடனே, சர்வரே பழசு, புதுசு வாங்குங்கள் என்று ஆரம்பித்துவிட்டார்.

கடைசியில் பிரிண்டர் சரிசெய்ய வந்த குன்னூர் தம்பிதான் கண்டுபிடித்தார். நெட்வொர்க் அடாப்டரின் பிராப்பர்ட்டீஸில் ‘அட்வான்ஸ்டு’ பக்கத்தைத் திறந்தார். ‘ஸ்பீட் அண்ட் டூப்ளெக்ஸ்’ என்ற இடத்தில் 100 எம்பிபிஎஸ் ஃபுல் டூப்ளெக்ஸ் (ஒரே நேரத்தில் அனுப்பவும் வாங்கவும் செய்வது) என்று கட்டி வைத்திருந்தது. எங்கள் ஸ்விட்ச்சோ ஆட்டோவில், அதாவது எதிர்ப்பக்கத்தோடு தானே பேசி வேகத்தையும் டூப்ளெக்ஸையும் முடிவு செய்யும் ‘ஆட்டோ நெகோஷியேஷனில்’ இருக்கும் சாதாரண ரகம். ஒரு பக்கம் ஆட்டோ பேச்சையே நிறுத்திவிட்டால், ஸ்விட்ச்சால் வேகத்தைக் கண்டுபிடிக்க முடியும், டூப்ளெக்ஸைக் கண்டுபிடிக்க முடியாது. அதனால் ஹாஃப் (ஒரு நேரத்தில் அனுப்புவது அல்லது வாங்குவது மட்டும்) என்று எடுத்துக்கொள்ளும். சர்வர் தன்பாட்டுக்கு அனுப்பிக்கொண்டே இருக்க, ஸ்விட்ச் அதை மோதல் என்று நினைத்து பாக்கெட்டுகளை (டேட்டா துண்டுகளை) தொலைக்கும், அவை திரும்பத் திரும்ப வரவேண்டியிருக்கும். பிங் சின்னது என்பதால் தப்பித்துவிடுகிறது. செம்புக் கேபிளில் ஜிகாபிட் ஓட ஆட்டோ நெகோஷியேஷன் கட்டாயம் வேண்டும். பனிக்கும் இதற்கும் என்ன சம்பந்தம்?

அது போதாதென்று அதே அடாப்டரில் ஆர்எஸ்எஸ் (ரிசீவ் சைடு ஸ்கேலிங்) வேறு அணைக்கப்பட்டிருந்தது. வந்து சேரும் பாக்கெட்டுகளை பிராசஸரின் பல கோர்களுக்குப் பங்கிட்டுக் கொடுக்கும் வசதி அது. அணைத்தால் ஒரே கோர் தலையில் எல்லாம் விழும். இரண்டையும் பழையபடி மாற்றியதும் லிங்க் 1 ஜிபிபிஎஸ் காட்டியது, டேலியும் சட்டென்று திறந்தது. தம்பி பிரிண்டருக்கு மட்டும்தான் காசு வாங்கினார்.

யாராவது இப்படி வந்தால், கை வைக்கும் முன்பே அட்வான்ஸ்டு பக்கத்தை வரிசையாக போட்டோ எடுத்து வையுங்கள். ஒரு பெரிய ஃபைலை முன்னும் பின்னும் காப்பி செய்து காட்டச் சொல்லுங்கள். எதை மாற்றினார் என்று எழுதித் தந்த பிறகு பணம் கொடுங்கள். எங்களுக்குக் கிடைத்தது ‘சர்வர் வேலை’ என்று கிறுக்கிய துண்டுச்சீட்டு மட்டும்தான். ஜிஎஸ்டி பில் கேட்டதிலிருந்து ஆள் போனை எடுப்பதில்லை.