ஐந்துக்கு ஐந்து: 2021-ல் மதுரையின் பத்துத் தொகுதிகள்

2021 மே 2-ஆம் தேதி தமிழ்நாடு சட்டமன்றத் தேர்தலின் வாக்கு எண்ணிக்கை முடிந்தபோது, திமுகவின் உதயசூரியன் சின்னத்தில் நின்றவர்கள் மட்டும் 133 இடங்களில் வென்றிருந்தார்கள். அதிமுகவுக்கு 66. மதுரை மாவட்டத்தில் மட்டும் கணக்கு வேறு மாதிரி. மத்தி, வடக்கு, தெற்கு, கிழக்கு, சோழவந்தான் திமுக அணிக்கு. மேற்கு, திருப்பரங்குன்றம், திருமங்கலம், உசிலம்பட்டி, மேலூர் அதிமுகவுக்கு. ஐந்துக்கு ஐந்து.

மதுரைக்காரர்கள் தராசு பிடித்தது போல இரண்டு பக்கமும் சமமாகக் கொடுத்துவிட்டார்கள் என்று அப்போது எங்கள் தெருவில் பேசிக்கொண்டோம். நானும் அதை நம்பினேன். பிறகு பத்துத் தொகுதிகளிலும் யாரை எதிர்த்து யார் நின்றார்கள் என்று பக்கத்தில் பக்கத்தில் எழுதிப் பார்த்தேன். வேறு ஒன்று கண்ணில் பட்டது.

இரண்டு பெரிய கட்சிகளும் தங்கள் சொந்த ஆட்களை நேருக்கு நேர் நிறுத்தியது நான்கே தொகுதிகளில்தான்: கிழக்கு, சோழவந்தான், மேற்கு, திருமங்கலம். அவற்றில் ஆளுக்கு இரண்டு. மீதி ஆறிலும் ஏதோ ஒரு பக்கம் தொகுதியைக் கூட்டணிக்கு விட்டுக்கொடுத்திருந்தது. அந்த ஆறில் ஐந்தில், விட்டுக்கொடுத்த பக்கம் தோற்றது.

மதுரை மத்தியை எடுத்துக்கொள்வோம். திமுகவின் பழனிவேல் தியாகராஜனை மதுரைக்கு அறிமுகப்படுத்தத் தேவையில்லை. தாத்தா பி.டி.ராஜன் நீதிக்கட்சிக் காலத்தில் சென்னை மாகாணத்தின் முதல்வராக இருந்தவர். தந்தை பழனிவேல்ராஜன் 1996 முதல் 2001 வரை சட்டமன்றத் தலைவர். வெளிநாட்டில் படித்து, வங்கித் துறையில் வேலை பார்த்துவிட்டு வந்தவர் இவர். ஆனால் இந்தப் பெருமை எல்லாம் 2016-லும் இருந்ததுதானே? அப்போது அதிமுகவின் ஜெயபாலை அவர் வென்றது 5,762 வாக்குகளில். 2021-ல் அதிமுக தன் ஆளை நிறுத்தாமல், பசும்பொன் தேசியக் கழகத்தின் ஜோதி முத்துராமலிங்கத்துக்கு இரட்டை இலைச் சின்னத்தைக் கொடுத்தது. வித்தியாசம் 34,176 ஆனது. மாநிலத்தில் வீசிய காற்றும் அதில் உண்டு, மறுக்கவில்லை. ஆனால் இலையைப் பார்த்து மட்டும் ஓட்டுப் போடுகிற ஊர் இது என்று நினைத்திருந்தால், அந்தக் கணக்கு தப்பு.

வடக்குத் தொகுதியின் கதையைத் திருப்பரங்குன்றத்தோடு சேர்த்துத்தான் பார்க்க வேண்டும். 2019 இடைத்தேர்தலில் திருப்பரங்குன்றத்தில் திமுகவுக்காக வென்றவர் மருத்துவர் சரவணன். 2021-ல் அந்தத் தொகுதி மார்க்சிஸ்ட் கட்சிக்குப் போனதும் அவர் பாஜகவில் சேர்ந்தார். சேர்ந்த அன்றே மதுரை வடக்கின் வேட்பாளரானார். அந்த வடக்கில் 2016-ல் வென்றிருந்த அதிமுகவின் ராஜன் செல்லப்பாவோ திருப்பரங்குன்றத்துக்கு மாறினார். அதாவது இரண்டு எம்எல்ஏக்களும் ஒருவர் தொகுதியை இன்னொருவர் மாற்றிக்கொண்டது போல ஆயிற்று.

செல்லப்பா 29,489 வாக்குகளில் வென்றார். சரவணன் 22,916 வாக்குகளில் திமுகவின் தளபதியிடம் தோற்றார். இருவருமே தொகுதி மாறியவர்கள்தான், ஆனால் ஒருவர் மட்டுமே கட்சியும் மாறினார். செல்லப்பா மதுரை மேயராக இருந்தவர். எந்தப் பக்கம் போனாலும் கூடவே வருவதற்கு அவருடைய கட்சிக்காரர்கள் இருந்தார்கள். சரவணன் போன இடத்தில் தாமரைக்கு அப்படி ஒரு படை இல்லை. நேற்றுவரை எதிர்த்து வேலை பார்த்த இலைக்காரர்கள் இன்று அவருக்காக வீடு வீடாகப் போக வேண்டியிருந்தது. அந்த நிலையிலும் அவர் வாங்கிய 50,094 வாக்குகள் சின்ன எண்ணிக்கை அல்ல. அதில் ஒரு பங்கு அவருக்குத் தனிப்பட்ட முறையில் விழுந்தது என்றே நினைக்கிறேன்.

தொகுதி மாறினாலும் ஜெயிக்கலாம் என்று இதை வைத்து விதி எழுதிவிடவும் முடியாது. பக்கத்து விருதுநகர் மாவட்டத்தில் அமைச்சர் ராஜேந்திர பாலாஜி சிவகாசியை விட்டு ராஜபாளையம் போய்த் தோற்றதும் இதே தேர்தலில்தான்.

திமுக விட்டுக்கொடுத்தவை நான்கு. திருப்பரங்குன்றம் மார்க்சிஸ்ட் கட்சியின் பொன்னுத்தாய்க்கு, மேலூர் காங்கிரசின் ரவிச்சந்திரனுக்கு, உசிலம்பட்டி பார்வர்டு பிளாக்கின் கதிரவனுக்கு, தெற்கு மதிமுகவின் பூமிநாதனுக்கு. தெற்கில் மட்டும் வெற்றி. அங்கே பூமிநாதன் உதயசூரியனில் நின்றும், அதிமுகவின் அப்போதைய எம்எல்ஏ சரவணனை (இவர் வேறு சரவணன்) வெறும் 6,515 வாக்குகளில்தான் தாண்ட முடிந்தது. மேலூரில் பெரியபுள்ளான் 35,162 வாக்குகளில் காங்கிரசை வென்றார்.

உசிலம்பட்டி தனி ரகம். அங்கே நடந்தது மும்முனைப் போட்டி. அதிமுகவின் அய்யப்பன் 71,255, கதிரவன் 63,778, தினகரனின் அமமுகவைச் சேர்ந்த மகேந்திரன் 55,491. தினகரன் கட்சி அதிமுக ஓட்டைப் பிரிக்கும், அதனால் திமுக அணி லாபம் பார்க்கும் என்பதுதான் எல்லோரும் போட்ட கணக்கு. 55 ஆயிரம் ஓட்டைப் பிரித்தும் இலைதான் ஜெயித்தது. பிரிந்த ஓட்டு இரண்டு பக்கமிருந்தும் போயிருக்க வேண்டும். மூக்கையாத் தேவர் காலத்திலிருந்து பார்வர்டு பிளாக்குக்கு வேர் உள்ள மண் அது. கதிரவனும் 2011-ல் அங்கே வென்றவர். இன்னொரு பக்கம், வைகைத் தண்ணீரைக் கொண்டுவர வெட்டிய 58 கிராமக் கால்வாயில் தண்ணீர் எப்போது நிற்காமல் வரும் என்று காத்திருந்த ஊர்கள். அந்தப் பக்கத்தில் இருக்கும் என் மாமாவிடம் கேட்டபோது சொன்னார்: "மாப்ள, மூணு பேருமே பழகுன ஆளுக. ஒருத்தருக்குப் போட்டுட்டு மத்த ரெண்டு பேரு மூஞ்சியில எப்படி முழிக்கிறதுன்னு இருந்துச்சு." அவ்வளவு நெருக்கத்தில் நடந்த தேர்தல் அது.

சரி, நேருக்கு நேர் மோதிய நான்கு தொகுதிகளுக்கு வருவோம். கிழக்கில் மூர்த்தியின் வெற்றியில் யாருக்கும் ஆச்சரியம் இருந்திருக்காது. 2016-ல் மாவட்டத்தில் திமுக வென்ற இரண்டே இடங்களில் கிழக்கும் ஒன்று (இன்னொன்று மத்தி). சோழவந்தான் அதிமுகவின் மாணிக்கத்திடமிருந்து திமுகவின் வெங்கடேசனுக்கு வந்தது. மாநிலத்தில் அடித்த காற்று உள்ளபடியே உள்ளே வந்த தொகுதி என்று இதைத்தான் சொல்வேன்.

மேற்கும் திருமங்கலமும் அப்படி இல்லை. இரண்டிலும் அமைச்சர்கள். அந்தத் தேர்தலில் ராயபுரத்தில் ஜெயக்குமாரும் விழுப்புரத்தில் சி.வி.சண்முகமும் தோற்றார்கள். இங்கே செல்லூர் ராஜூவும் ஆர்.பி.உதயகுமாரும் வென்றார்கள். 2017-ல் வைகை அணையில் நீர் ஆவியாகாமல் இருக்கத் தெர்மாகோல் மிதக்கவிட்டதை வைத்து நாடே ராஜூவைக் கேலி செய்தது. மேற்குத் தொகுதியில் அந்தக் கேலி ஓட்டாக மாறவில்லை. கூப்பிட்டால் வருவார், கல்யாணம் காட்சிக்கு வந்து நிற்பார் என்பது அங்கே பெரிய விஷயம். அதை இளக்காரமாகப் பார்க்க எனக்கு மனம் வராது. ரேஷன் கார்டுக்கும் முதியோர் பென்ஷனுக்கும் அலைந்தவர்களுக்குத் தெரியும், ஒரு எம்எல்ஏவின் வாசல் திறந்திருப்பதன் மதிப்பு.

திருமங்கலத்தில் உதயகுமார் திமுகவின் மணிமாறனை 14,087 வாக்குகளில் வென்றார். இதில் எய்ம்ஸ் விஷயமும் உண்டு. 2019 ஜனவரியில் தோப்பூரில் அடிக்கல் நாட்டியும் கட்டடம் எழும்பவில்லை என்று உதயநிதி ஸ்டாலின் ஒற்றைச் செங்கல்லைத் தூக்கிக் காட்டியது தமிழ்நாடு முழுக்க எடுபட்டது. ஆனால் தோப்பூருக்கு இந்தப் பக்கம் இருக்கும் திருப்பரங்குன்றத்திலும் அந்தப் பக்கம் இருக்கும் திருமங்கலத்திலும் அதிமுகதான் வென்றது. மக்களுக்கு ஆஸ்பத்திரி வேண்டாம் என்று இதற்கு அர்த்தமில்லை. அது டெல்லி விவகாரம், நம் தொகுதி ஆளுக்கு அதில் பங்கில்லை என்று பிரித்துப் பார்த்திருக்கிறார்கள்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும், எனக்கு உறுத்துகிற விஷயம் இதுதான். பத்துத் தொகுதிகளிலும் வென்றவர்கள் ஆண்கள். அதிமுக அணி மாவட்டத்தில் ஒரு பெண்ணைக்கூட நிறுத்தவில்லை. திமுக அணி இரண்டு பேரை நிறுத்தியது: திருப்பரங்குன்றத்தில் பொன்னுத்தாய், மேற்கில் சின்னம்மாள். மேற்குத் தொகுதியில் 2016-ல் செல்லூர் ராஜூவிடம் தோற்ற திமுக வேட்பாளர் தளபதி. 2021-ல் அவருக்கு வடக்கு கிடைத்தது, பாஜகவை எதிர்த்து நின்று எம்எல்ஏ ஆனார். அவர் விட்டுப் போன இடத்தில், பத்து வருடம் அமைச்சராக இருந்தவருக்கு எதிராகச் சின்னம்மாளை நிறுத்தினார்கள். தளபதி அங்கே தோற்றது 16,398 வாக்குகளில். சின்னம்மாள் தோற்றது 9,121 வாக்குகளில்.