திருவான்மியூர் பக்கம் "காட்டுத்தேன்" வாங்கப் போகிறவர்கள் இதைப் படித்துவிட்டுப் போங்கள்

இயற்கை அங்காடி என்று போர்டு மாட்டிய கடை. "கொல்லிமலைத் தேன், கலப்படமே கிடையாது" என்று ஒரு லிட்டர் பாட்டிலை 1,100 ரூபாய்க்கு என் தலையில் கட்டினார்கள். ஒரு மாதம் ஆகவில்லை, மூடியைத் திறந்தால் புஸ்ஸென்று காற்று வருகிறது, மேலே நுரை, கள்ளு மாதிரி புளிச்ச வாடை.

கொண்டுபோய்க் காட்டினால், "பச்சைத் தேன் அப்படித்தான் பொங்கும் மேடம், உள்ளே என்சைம் எல்லாம் உயிரோட இருக்கு" என்கிறார் கடைக்காரர். என்சைம் உயிருள்ள பொருளே இல்லை, அது கிடக்கட்டும். பூவிலிருந்து தேனீ கொண்டுவரும் மதுவில் பெரும்பகுதி தண்ணீர்தான். அதைக் கூட்டில் வைத்து இறக்கையால் விசிறி விசிறி, தண்ணீர் 18 சதவீதம் அளவுக்குக் குறையும்வரை வற்றவைத்த பிறகுதான் அறையை மெழுகால் மூடும். அந்தக் கெட்டியில், புளிக்கவைக்கும் ஈஸ்ட் பெருக முடியாது, அதனால்தான் தேன் வருஷக்கணக்கில் கெடுவதில்லை. புளிக்கிறது என்றால் தண்ணீர் அதிகம் என்று அர்த்தம்: முற்றாத அடையைப் பிழிந்திருக்கிறார்கள், இல்லை எதையோ கலந்திருக்கிறார்கள். சந்தேகத்தில் கால் லிட்டர் கப்பில் ஊற்றி எடை போட்டேன். நல்ல தேன் லிட்டருக்குச் சுமார் 1.4 கிலோ, அதாவது 350 கிராம் வர வேண்டும், 325 கூடத் தேறவில்லை.

பணம் திரும்பக் கேட்டதற்கு "திறந்த பாட்டில் எடுக்க மாட்டோம்". சரி, திறக்காமல் எப்படித் தெரியும்?

வாங்கும்போது தண்ணீர் கிளாஸில் சொட்டு விட்டு, தீக்குச்சியை முக்கிக் கொளுத்தி டெமோ எல்லாம் காட்டினார்கள். கெட்டியான சர்க்கரைப் பாகும் தண்ணீரில் அடியில்தான் போய் உட்காரும், இதில் எதுவும் தெரியாது. 2020 டிசம்பரில் டெல்லியின் அறிவியல் மற்றும் சுற்றுச்சூழல் மையம் 13 பிராண்டுகளைச் சோதித்தபோது 3 மட்டுமே எல்லாச் சோதனையிலும் தேறின. லேப் சோதனைக்கே தப்பும் சிரப் புழங்கும்போது தீக்குச்சி என்ன செய்யும்? மாறாக, பாட்டிலில் தேன் உறைந்து குருணையாக நின்றால் சர்க்கரை என்று தூக்கிப் போடாதீர்கள். குளுக்கோஸ் அதிகமுள்ள தேன் இயல்பாகவே அப்படி உறையும்.

எனக்கு நிஜமாகக் கோபம் வந்தது வேறு விஷயத்தில். பக்கத்தில் கைக்குழந்தையோடு நின்ற ஒரு பெண்ணிடம், "நாக்குல தொட்டு வைங்க, சேனை வைக்கிற மாதிரி, சளியே அண்டாது" என்கிறார் அந்த ஆள். சுத்தமான தேனாகவே இருந்தாலும் ஒரு வயது ஆகாத குழந்தைக்குக் கூடாது. தேனில் பாட்டுலிசம் என்ற, நரம்பை முடக்கும் நோயைத் தரும் கிருமியின் வித்துகள் இருக்கலாம், பெரியவர்களின் குடல் தாங்கும், பச்சைக்குழந்தையின் குடல் தாங்காது. அடுத்து என்னிடம், "சுகர் இருந்தாலும் பயப்படாம சாப்பிடலாம்". தேனில் ஏறக்குறைய 80 சதவீதம் சர்க்கரைதான், ஒரு மேசைக்கரண்டியிலேயே 17 கிராம். விட்டமின், தாது எல்லாம் சும்மா பேருக்கு. பெரியவர்களுக்கு இருமலுக்கு இதமாக இருக்கும், திரிகடுகச் சூரணத்தைக் குழைத்துச் சாப்பிட வசதி, அதற்கு மேல் சர்வரோக நிவாரணி என்று யார் சொன்னாலும் பர்ஸை மூடிவிடுங்கள்.

என் பாட்டிலில் உரிம எண்ணும் இல்லை, பேட்ச் எண்ணும் இல்லை, பேக் செய்த தேதியும் இல்லை, பில்லும் துண்டுச்சீட்டில். போட்டோ எடுத்து உணவுப் பாதுகாப்புத் துறைக்குப் புகார் அனுப்பியிருக்கிறேன். வாங்கியவரே கட்டணம் கட்டி மாதிரியைச் சோதனைக்குக் கொடுக்கவும் சட்டத்தில் இடமுண்டு, அதனால் மிச்சத்தைக் கொட்டாமல் வைத்திருக்கிறேன். அதே கடையில் வாங்கிய யாராவது இருந்தால் நீங்களும் கொட்டிவிடாதீர்கள், சீட்டையும் பத்திரமாக வையுங்கள்.