அடிபட்டவர் எங்கே போவது: ஆணையமா, ஐகோர்ட் கிளையா?

போலீஸ் விசாரணைக்குக் கூட்டிப்போன பையன் நொண்டிக்கொண்டு திரும்பினால் வீட்டார் கேட்கும் முதல் கேள்வி இதுதான்: மாநில மனித உரிமை ஆணையத்துக்குப் போவதா, ஐகோர்ட்டின் மதுரைக் கிளைக்குப் போவதா? தீவிரவாத வழக்கு என்றால் கேட்கவே கூச்சப்படுகிறார்கள். கூச்சப்பட வேண்டாம். பழைய தீவிரவாதத் தடுப்புச் சட்டமான தடாவில் எஸ்.பி.யிடம் கொடுத்த வாக்குமூலமே சாட்சியாக நின்றது. இன்றைய உபாவில் (சட்டவிரோத நடவடிக்கைகள் தடுப்புச் சட்டம்) போலீசிடம் கொடுத்த வாக்குமூலம் செல்லாது. அடித்து வாங்கியது யாருக்கு உதவும்?

செலவு
ஆணையம்: கட்டணம் இல்லை, வக்கீல் கட்டாயமில்லை. வெள்ளைத்தாளில் தமிழில் எழுதினால் போதும்.
ஐகோர்ட் கிளை: வக்கீல் பீஸ், டைப்பிங், ஜெராக்ஸ், ஒத்தக்கடைப் பக்கம் பல நடை.

அவகாசம்
ஆணையம்: சம்பவம் நடந்து ஓராண்டுக்குள் புகார் போக வேண்டும்.
கிளை: அவசரம் என்றால் இங்கேதான். ஆள் இன்னும் ஸ்டேஷனில் இருந்தால் ஆட்கொணர்வு மனு, அதாவது ஆளைக் கோர்ட்டில் கொண்டுவந்து நிறுத்தச் சொல்லும் மனு.

பலம்
ஆணையம்: இழப்பீடு, நடவடிக்கை என்று பரிந்துரைக்கும். அரசு அதைக் கட்டாயம் ஏற்க வேண்டும் என்று சென்னை ஐகோர்ட் முழு அமர்வு 2021-இல் சொன்னது. ஆனாலும் வழக்குக்குப் போய் இழுப்பார்கள்.
கிளை: 2020-இல் சாத்தான்குளத்தில் தந்தையும் மகனும் போலீஸ் அடித்து இறந்தபோது மதுரைக் கிளை தானாகவே வழக்கை எடுத்தது. மாஜிஸ்திரேட்டை ஸ்டேஷனுக்கே அனுப்பியது. லத்தியிலும் மேஜையிலும் ரத்தக்கறை என்று அறிக்கை வந்தது. பெண் காவலர் ஒருவர் சாட்சி சொன்னார். ஆணையத்தின் தபாலுக்கு இந்த வேகம் வராது.

இரண்டுக்கும் முன்னால் ஒன்று: ரிமாண்டின்போது மாஜிஸ்திரேட்டிடம் கன்றிப்போன தடத்தைச் சட்டையைத் தூக்கிக் காட்டச் சொல்லுங்கள். ஜி.எச். சீட்டைப் பத்திரப்படுத்துங்கள்.

ஆள் வீடு திரும்பிவிட்டார், கையில் காசில்லை, இழப்பீடு வேண்டும் என்றால் ஆணையம். ஆள் உள்ளே இருக்கிறார், சிசிடிவி பதிவு அழிந்துவிடும் என்ற பயம் இருக்கிறது என்றால் நேராகக் கிளை.